அறுபத்தொரு மார்க்

அத்தியாயம் ஐந்து

திருச்செந்தூர் ரோட்டில் உப்பு லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டும்போது லிங்கராஜ் சும்மா வரமாட்டான். ஒவ்வொரு லாரியின் முதுகில் எழுதியிருப்பதையும் உரக்கப் படித்து, அதற்கு ஒரு பதிலும் சொல்லிக்கொண்டே வருவான். அன்று வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. எட்டு லாரிகள் தாண்டிப் போயின. அவன் வாயே திறக்கவில்லை.

"ஏலே, பல்லு வலியா?" பின்னால் உட்கார்ந்திருந்த ஹில்டா பர்னாந்து கேட்டாள்.

"இல்லக்கா. மனசு சரியில்ல."

"ஒனக்கு அப்படி ஒண்ணு இருக்கா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு நாலு பதில் வந்திருக்கும். இன்று வண்டியை மட்டும் ஓட்டினான்.

ஹில்டா சுங்கத்துறையில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவள். அது அலுத்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது தனியார் துப்பறிவாளராக அடுத்தவர் குடும்பங்களைத் திறந்து பார்க்கிறாள். லிங்கராஜ் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணிக்கொண்டிருந்தவன். வயது முப்பத்துமூன்று. அவளுக்கு இருக்கும் ஒரே உதவியாள். வேலைக்குத்தான் சம்பளம், ஜோக்குகள் இலவசம்.

அவன் மனசைக் கெடுத்த சாமான் அவன் தோள்பையிலேயே இருந்தது. ஒரு காலி வைன் பாட்டில். செவ்வாய்க்கிழமை ஹில்டா மதுரைக்குப் போயிருந்த நேரத்தில், இந்த அவசரக்குடுக்கை களவு நடந்த வீட்டுக்குத் தனியாகப் போய், அங்கே சமையல் வேலை பார்க்கும் முத்துச்செல்வியின் ஒயர்கூடையிலிருந்து அதை எடுத்தான். எடுத்ததோடு விட்டானா? எல்லார் முன்னாலும் உயரத் தூக்கிக் காட்டி, "களவாணி சிக்கியாச்சு" என்று வேறு சொன்னான்.

முத்துச்செல்வி அப்போது அழவில்லை. அவன் கொட்டிப்போட்டதை எல்லாம் குனிந்து கூடையில் எடுத்து வைத்தாள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, நாலு வெங்காயம். அந்த நாலு வெங்காயத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியதுதான் இரண்டு நாளாக அவனைத் தூங்கவிடவில்லை.

விஷயம் இதுதான். துறைமுகத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஜேசுதாசன் வீட்டில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மூன்று பேர் கூடி வைன் ருசி பார்ப்பார்கள். குடிப்பது என்று சொன்னால் ஜேசுதாசனுக்குக் கோபம் வரும். ருசி பார்ப்பது. போன சனிக்கிழமை நூறாவது கூட்டம். கப்பல் கேப்டன் ஒருவர் கொடுத்த 1996-ம் வருஷத்து பிரெஞ்சு வைன் ஒன்றை இந்த நாளுக்காகவே பல வருஷமாக ஏசி அறை அலமாரியில் வைத்துப் பாதுகாத்திருந்தார். எது எந்த வைன் என்று தெரியாமல்தான் மார்க் போடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் அடுக்களையில் இருப்பவர்களே பாட்டில்களைத் திறந்து, மூன்று கண்ணாடி ஜக்குகளில் ஊற்றி, நம்பர் ஒட்டிக் கொண்டுவருவார்கள். அன்றும் அப்படியே வந்தது. மூன்று பேரும் இரண்டாம் நம்பர் ஜக்குக்கு உச்ச மார்க் போட்டு, பிரெஞ்சு வைன் இதுதான் என்று கைதட்டினார்கள். அப்புறம் ஜக்கின் கடைசிச் சொட்டைக் கவிழ்த்துக் குடித்த, மூவரில் ஒருவரான ஆன்டனியின் வாயில் ஒரு கிராம்பு தட்டுப்பட்டது.

பிரான்சில் யாரும் வைனில் கிராம்பு போடுவதில்லை. கிறிஸ்மஸுக்காக உலர்ந்த திராட்சையில் வீட்டு அடுக்களையில் ஊறவைத்திருக்கும் ஜாடி வைனில்தான் கிராம்பு கிடக்கும். ஆக, யாரோ பிரெஞ்சு வைனை எடுத்துவிட்டு ஜாடி வைனை ஜக்கில் ஊற்றியிருக்கிறார்கள். பாட்டிலையும் அன்றிரவே காணோம். அடுக்களையில் இருந்தது இரண்டே பேர்: ஜேசுதாசனின் மனைவி ஈவாஞ்சலின் டீச்சர், சமையல்காரி முத்துச்செல்வி. இரண்டு பேரில் யார் மேல் சந்தேகம் போகும்? அதைக் கேட்கவும் வேண்டுமா?

பிரெஞ்சு வைன் எங்கே போனது, யாருக்கு விற்கப்பட்டது என்று ஹில்டா கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இன்று மாலை ஐந்து மணிக்கு ஜேசுதாசன் முத்துச்செல்வி மேல் போலீசில் புகார் கொடுக்கப்போகிறார். ஒரு கப்பல் கம்பெனியின் விருந்தினர் விடுதியில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். போலீஸ் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். புகார் பதிவானால் சான்றிதழும் கிடையாது, வேலையும் கிடையாது.

முத்தையாபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது முத்துச்செல்வியின் வீடு. கதவைத் திறந்தவள் ஹில்டாவைப் பார்த்தாள். அப்புறம் பின்னால் நின்றவனைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள வாங்க மேடம். அவன் அங்கனயே நிக்கட்டும்."

லிங்கராஜ் வெயிலில் நின்றான். உள்ளே பேசியது தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பாட்டில் ஒன் கூடைக்கு எப்படி வந்துச்சு?"

"எத்தன தடவ சொல்ல மேடம்? டீச்சர் குடுத்தாவ. நல்லெண்ணெ ஊத்தி வைக்க தோதா இருக்கும்னு சொல்லி, செவ்வாக்கிழம காலையில அவிய கையாலயே கூடையில வச்சாவ."

"அவிய ஞாபகம் இல்லன்னு சொல்லுதாவளே."

உள்ளே ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"மறந்திருப்பாவ," என்றாள் முத்துச்செல்வி. "வயசாவுதுல்லா. டீச்சர் பொய் சொல்ல மாட்டாவ மேடம். பதினாலு வருசமா அந்த வீட்டுல சோறாக்குதேன். ஒரு நாளும் என்ன ஒரு சொல்லு சொன்னதில்ல."

ஹில்டா வெளியே வந்தாள். லிங்கராஜ் வாசல்படி பக்கம் ஒரு எட்டு வைத்தான். "யக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது..."

முத்துச்செல்வி கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஜேசுதாசன் வீட்டு ஹாலில் வைன் வட்டம் முழுசாகக் கூடியிருந்தது. களவு நடந்த வீடு மாதிரியே இல்லை. பட்டிமன்றம் நடக்கிற மேடை மாதிரி இருந்தது.

"நூறுக்கு மார்க் போடுறதுதான் உலக வழக்கம்," என்றார் ஜேசுதாசன். வெள்ளைச் சட்டை, தங்கக் கண்ணாடி, கையில் மார்க் நோட்டு.

"உலகத்த விடும்," என்றார் ராஜதுரை. உப்பளக்காரர். எதையும் கொஞ்சமாகத்தான் கொடுப்பார். "ஒம்ம நூறுல எண்பதுக்குக் கீழ யாராவது போட்டதுண்டா? எண்பதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லன்னா அந்த எண்பதும் எதுக்கு? இருபதுக்குப் போட்டாத்தான் நேர்மை."

"எண்பதுக்குக் கீழ இருந்தா அது வைனே இல்லவே. அறுபது மார்க் வைன வாயில வச்சா நாக்கு வெந்துபோகும்."

"நீர் அந்தக் கிராம்புக்கு தொண்ணூத்தி நாலு போட்டீரே."

"நீர் இருபதுக்குப் பதினெட்டரை போட்டீரே."

"பதினெட்டரைன்னா நூறுக்குத் தொண்ணூத்தி ரெண்டரைதான். ஒம்மள விட ஒண்ணரை மார்க் கம்மியாத்தான் நான் ஏமாந்திருக்கேன்."

மூலையில் இருந்த ஆன்டனி சிரித்தார். கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மார்க் முறை எளிமையானது. இன்னொரு கிளாஸ் வேணும், அல்லது வேண்டாம். அன்றைக்கு இரண்டாம் ஜக்கில் அவர் நாலு கிளாஸ் கேட்டு வாங்கியிருந்தார்.

"குறிப்பு என்ன எழுதினீங்க?" ஹில்டா கேட்டாள்.

ஜேசுதாசன் நோட்டைப் பார்த்து, குரல் இறங்கி வாசித்தார். "சுருட்டுப் பெட்டி. பழைய தோல். ஓக் பீப்பாய். கடைசியில் மெல்லிய மசாலா வாசம்."

"மசாலா வரைக்கும் சரியாத்தான் புடிச்சிருக்கீய அண்ணாச்சி," என்றான் லிங்கராஜ். "மளிகைக் கடைதான் மாறிப்போச்சு."

அவனை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஜேசுதாசன் முறைத்தார். நல்லவேளையாக, வறுத்த முந்திரித் தட்டோடு ஈவாஞ்சலின் டீச்சர் உள்ளே வந்தார். அறுபத்துநாலு வயது. வெளிர்நீலப் புடவை, மூக்குக் கண்ணாடி. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். லிங்கராஜ் அவரிடம்தான் பத்தாம் வகுப்பு படித்தான். அவரைப் பார்த்ததும் இப்போதும் அவனுக்குத் தன்னால் எழுந்து நிற்கத் தோன்றும். நின்றான்.

"உக்காருல," என்றார் டீச்சர்.

"இவன் ஒங்க மாணவனா?" என்றாள் ஹில்டா.

"அரைப்பரீட்சையில தமிழ்ல முப்பத்தஞ்சு மேடம்," என்றான் லிங்கராஜ். வெளியாட்கள் முன்னால் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். "அதுல தேறலைன்னா முழுப்பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. டீச்சர் புண்ணியத்துலதான் பத்தாப்பு பாஸானேன்."

"முப்பத்தி நாலு," என்று திருத்தினார் டீச்சர். "ஒண்ணு நான் போட்டது."

"அந்தத் தொண்ணூத்தி நாலு மார்க்க நெனைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது," என்று ஜேசுதாசன் புலம்பினார். "ஒம்பது வருசத்துல நான் போட்ட அதிகபட்ச மார்க்குவே அது. என் வாழ்க்கையில அத விட நல்ல வைன் குடிச்சதில்லன்னு எழுதி வச்சிருக்கேன்."

டீச்சரின் முகம் சட்டென்று சிவந்தது. அடுப்படிச் சூடு என்று நினைத்துக்கொண்டான் லிங்கராஜ்.

ஹில்டா பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து, பின்பக்க லேபிளைக் காட்டினாள். லேபிளின் கீழ் ஓரத்தில் சிவப்பு மையில் பொடியாக நாலு எண்கள். ஒன்றின்கீழ் ஒன்றாக. 61. 55. 47. 34.

"இது என்ன?"

"சரக்கு எந்தத் தொகுதின்னு குறிக்கிற லாட் நம்பரா இருக்கும்," என்றார் ஜேசுதாசன், பார்த்தும் பார்க்காமலும்.

"கோடவுன் அடுக்கு நம்பர்," என்றார் ராஜதுரை.

"கப்பல் ஸ்டோர்ல இப்படித்தான் கிறுக்கி வைப்பானுவ," என்றார் ஆன்டனி.

லிங்கராஜும் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் நினைத்திருந்தான். தூத்துக்குடியில் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவன் கண்ணில் எந்தச் சாமானில் எந்த எண்ணைப் பார்த்தாலும் லாட் நம்பராகத்தான் தெரியும். டீச்சர் தட்டை வைத்துவிட்டு, பாட்டில் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார்.

மணி மூன்றரை. ஹில்டா அவனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீ களவாணின்னு வச்சுக்க. வெலை கூடுன வைன் பாட்டில் ஒண்ண எடுக்குத. எப்படி எடுப்ப?"

"முழுப் பாட்டிலா எடுப்பேன். மூடியோட."

"திறந்து வேற எதுலயாவது ஊத்துவியா?"

"எதுக்கு ஊத்துதேன்? லேபிள் இல்லாம எவன் வாங்குவான்?"

"அப்ப திறந்தவியளுக்கு விக்கிற எண்ணம் இல்ல," என்றாள் ஹில்டா. "குடிக்கிற எண்ணம். இன்னொண்ணு. இருபத்திரண்டு வருசத்துல லாட் நம்பர பால்பாயின்ட் பேனாவுல எழுதி நான் பாத்ததில்ல. அதுவும் ஒவ்வொண்ணா கொறைஞ்சுக்கிட்டே போற லாட் நம்பர். சரி, நீ போயி டீ குடிச்சிட்டு வா. பாட்டிலயும் கொண்டு போ."

"பாட்டில் எதுக்கு?"

"தொணைக்கு."

தெருமுனை டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டிலைப் பக்கத்தில் வைத்தான். டீக்கடைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், டீயை நீட்டினார். லிங்கராஜ் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு லேபிளைத் திருப்பினான். அறுபத்தொன்று. ஐம்பத்தைந்து. நாற்பத்தேழு. முப்பத்திநாலு.

ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இரண்டு கோடு. மேல் கோடு நீளம், கீழ்க் கோடு குட்டை. நாலு என்ற எண்ணின் தலை மூடாமல் திறந்து கிடந்தது, மூன்றின் வால் அதைத் தொட்டுக்கொண்டு நின்றது.

டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

இந்த முப்பத்திநாலை அவனுக்குத் தெரியும். அரைப்பரீட்சைத் தாளின் முதல் பக்கத்தில், இதே சிவப்பில், இதே இரண்டு கோட்டோடு அவனுக்கு வந்த முப்பத்திநாலு. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் முப்பத்தஞ்சு என்று போட்டிருந்தது. அந்தத் தாளைப் பல வருஷம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். அந்த ஒரு மார்க் இல்லாவிட்டால் பத்தாவது இல்லை. பத்தாவது இல்லாவிட்டால் துறைமுக வேலை இல்லை. மூட்டைதான் தூக்கியிருப்பான்.

முப்பத்தஞ்சு பாஸ். அறுபது முதல் வகுப்பு. ஜேசுதாசனுக்கு நாக்கை வேகவைக்கும் அறுபது, டீச்சருக்கு முதல் வகுப்பு.

நேர்மையாகச் சொல்வதென்றால், லிங்கராஜுக்கு அப்போது வந்த முதல் நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. காகித லேபிள். பால்பாயின்ட் மை. கிளாசில் பாதி டீ இருக்கிறது. கட்டைவிரலை நனைத்து நாலு தேய் தேய்த்தால் போதும், முப்பத்திநாலும் இல்லை, டீச்சரும் இல்லை. விரலை டீயில் முக்கியும்விட்டான்.

அப்போது அந்த நாலு வெங்காயம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஹில்டா கேட்டருகே நிழலில் நின்றிருந்தாள்.

"அக்கா, இது லாட் நம்பர் இல்ல. மார்க்கு."

"யாரு போட்டது?"

சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. சொல்லாவிட்டால் அது செவ்வாய்க்கிழமை செய்ததைவிடப் பெரிய பாவம். வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒரு மார்க்கு போட்டவிய."

"தெரியும்," என்றாள் ஹில்டா.

"தெரியுமா?"

"தொண்ணூத்தி நாலுன்னு அண்ணாச்சி சொன்னப்ப டீச்சர் மூஞ்சி செவந்துதே, பாத்தியா? களவு போன வீட்டுக்காரி மூஞ்சியா அது? மேடையேறி மாலை வாங்குனவ மூஞ்சி. அந்த ஜக்குல இருந்தது அவிய ஊறவச்ச வைனு. அப்ப ஊத்துனதும் அவியதான்."

"தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு என்னய டீக்கடைக்கு அனுப்புனீங்க?"

"அவள களவாணின்னு சொன்னது யாரு வாயி? ஒன் வாயி. அத இல்லைன்னு சொல்லுததும் ஒன் வாயாவே இருக்கட்டும்னு விட்டேன்."

பின்வாசல் வழியாக அடுக்களைக்குப் போனார்கள். டீச்சர் கழுவிய ஜக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிங்கராஜ் பாட்டிலை மேடைமேல் வைத்தான். முப்பத்திநாலுக்கு நேரே விரலை வைத்தான்.

டீச்சர் ஜக்கைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். அப்புறம் ஆச்சரியமாக, அவர் முகத்தில் ஒரு விடுதலை தெரிந்தது.

"ரெண்டு நாளா யாராவது கேக்க மாட்டாவளான்னு இருந்துச்சுல."

"எப்ப திறந்தீங்க டீச்சர்?" என்றாள் ஹில்டா.

"போன வாரம், திங்கக்கிழம. ஞாயித்துக்கிழம ராத்திரி சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டேன், நூறாவது கூட்டத்துல எனக்கும் ஒரு வாய் குடுப்பீயளான்னு. சிரிச்சாவ. 'ஒனக்கு கிராம்பு போட்டதுதான் சரி'ன்னாவ. ஒம்பது வருசமா மாசாமாசம் முந்திரி வறுத்துக் கொண்டுபோயி வைக்கேன். நீ என்ன நெனைக்கன்னு ஒரு தடவ கேட்டிருப்பாவளா? மறுநாள் அவிய ஆபீஸ் போனதும் திறந்தேன். முத்துச்செல்வி மத்தியானம் வீட்டுக்குப் போயிருவா. ஒரே ஒரு கிளாஸ்."

"எப்படி இருந்துச்சு?" லிங்கராஜால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "மழ பேஞ்ச தேரிக்காட்டு செம்மண்ணு. நல்லாப் பழுத்த நாவப்பழம். பரீட்சைத் தாள் கட்ட ரொம்ப நாள் கழிச்சுப் பிரிச்சா ஒரு மணம் வருமே, அதுவும். அறுபத்தொண்ணு போட்டேன். என் கையில அறுபத்தொண்ணு வாங்குனது முப்பத்தோரு வருசத்துல ஏழே பிள்ளையதான்."

"பொறவு?"

"மறுநாள் குடிச்சேன், கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. அதுக்கு மறுநாள் இன்னும் எறங்கிருச்சு. வியாழக்கிழம முப்பத்தி நாலு. ஒண்ணு கூடப் போட்டு பாஸாக்கலாமான்னு யோசிச்சேன். வைனுக்கு எதுக்கு கருணை? தொட்டியில ஊத்திட்டேன். ஊத்துன பொறவுதான் சனிக்கிழம ஞாபகம் வந்துச்சு."

அதனால் ஜாடி வைனை வடிகட்டி ஜக்கில் ஊற்றினார். ஒரு கிராம்பு தப்பிவிட்டது.

"எல்லாரும் தூன்னு துப்புவாவ, நானே சொல்லிரலாம்னு கதவு பக்கத்துல நின்னேன்," என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர் தொண்ணூத்தி நாலுன்னாவ. முப்பத்தி மூணு கிறிஸ்மஸுக்கு எவர்சில்வர் டம்ளர்ல அதே வைன குடிச்சிருக்காவ. ஒரு நாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. யாருன்னு தெரியாம போட்டாத்தான் மார்க் வருது. அத வாங்கி வச்சுக்கிட்டேன். சொல்லிட்டா திருப்பிக் குடுக்கணுமே."

"பாட்டில முத்துச்செல்வி கூடையில வச்சது?"

"என் எழுத்து இருக்கு. வீட்ட விட்டுப் போனா போதும்னு வச்சேன். அவ மேல பழி போடணும்னு இல்ல." டீச்சர் நிறுத்தினார். "இவன் அத எடுத்து தூக்கிக் காட்டுனப்ப, அவிய என்னயப் பாத்து 'நீயா குடுத்த'ன்னு கேட்டாவ. ஆமான்னு ஒரு சொல்லு. ஞாபகம் இல்லன்னுட்டேன். பிள்ளைய பொய் சொன்னா முட்டி போடச் சொன்னவ நான்."

மணி நாலரை. டீச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டு நேரே ஹாலுக்குப் போனார். இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

மேஜைமேல் புகார் மனு மடித்துத் தயாராக இருந்தது. டீச்சர் அதைப் பிரித்தார். ஜேசுதாசனின் பேனா ஸ்டாண்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முத்துச்செல்வி என்ற பெயர் வந்த மூன்று இடத்திலும் நேர்கோடு போட்டு அடித்தார். மேலே தன் பெயரை எழுதினார். இரண்டு எழுத்துப்பிழைகளையும் போகிற போக்கில் திருத்தினார்.

"இப்ப கொண்டுபோயிக் குடுங்க," என்றார்.

ஜேசுதாசன் தாளைப் பார்த்தார். சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அப்புறம் மேஜைமேல் லிங்கராஜ் கொண்டுவந்து வைத்த பாட்டிலின் நாலு எண்களை, இப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். எத்தனை வருஷம் அதே சாப்பாட்டு மேஜையில், அவர் பேப்பர் படிக்கும்போது, அந்தக் கை தாள் திருத்தியிருக்கிறது. ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் லாட் நம்பர் என்று சொல்லியிருக்க மாட்டார்.

"ஈவா," என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ராஜதுரை தொண்டையைக் கனைத்தார். "பதினெட்டரைய நான் மாத்தப்போறதில்ல," என்றார்.

"ஜாடியில மிச்சம் இருக்கா டீச்சர்?" என்றார் ஆன்டனி.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கேட்டில் நின்று லிங்கராஜைப் பார்த்தார்.

"ஏலே, நீ சொல்லு. எனக்கு எவ்வளவு போடுவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முப்பத்தி நாலு டீச்சர்."

"அந்த ஒரு மார்க்கு?"

"அது என்கிட்ட இல்ல டீச்சர். முத்தையாபுரத்துல இருக்கு."

ஆட்டோவில் போனார்கள். வழியெல்லாம் உப்பு லாரிகள். ஹில்டா ஆட்டோவிலேயே இருந்துகொண்டாள்.

முத்துச்செல்வி கதவைத் திறந்ததும் டீச்சரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "வாங்க டீச்சர், ஞாபகம் வந்துருச்சா?"

லிங்கராஜால் அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியவில்லை. டீச்சர் சொன்னார். சுற்றி வளைக்காமல், தாளுக்கு மார்க் போடுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். திறந்தது நான். குடிச்சது நான். பாட்டிலை ஒன் கூடையில வச்சது நான். கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னதும் நான்தான். புகார் இல்ல, திங்கக்கிழம நீ வேலைக்குப் போகலாம். என்ன மன்னிச்சுக்க.

முத்துச்செல்வி கேட்டுக்கொண்டே நின்றாள். அவளைக் களவாணி என்று சொன்னபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் லிங்கராஜ் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீங்க களவாணி இல்ல," என்றான் அவன். சந்தில் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி, செவ்வாய்க்கிழமை சொன்ன அதே சத்தத்தில் சொன்னான்.

"நீ உள்ள வா," என்றாள்.

டீச்சரை அவள் உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

உள்ளே போன லிங்கராஜுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான். அவன் மத்தியானம் நின்ற அதே இடத்தில், கையில் இருந்த குடையை விரிக்காமல், டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.